பாசிட்டிவ் ரூமுக்கு அனுப்பினேன்

ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவுக்கு நான் இன்சார்ஜ். என் கீழே வேலை பார்த்த பையன் ஒருவனின் உடம்பில் வாடை அடித்தது. அதை அவனைக் கூப்பிட்டுச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமல் இருந்ததோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. தொற்றுத் தடுப்பு விதியின் பெயரைச் சொல்லி, யார் கண்ணிலும் படாத ஓர் அறைக்கு அவனைத் தள்ளிவிட்டேன். அந்த அறையில் படுத்திருந்த நோயாளிகளையும் சேர்த்து அவமதித்தேன். ஊர் பெயர், மருத்துவமனை பெயர் எதுவும் இங்கே வேண்டாம். தண்ணீருக்கு அல்லாடும் கரிசல்காட்டு ஊர் என்று மட்டும் தெரிந்தால் போதும்.

டயாலிசிஸ் வேலையில் நோயாளிக்கும் டெக்னீஷியனுக்கும் நடுவே இடைவெளி என்று ஒன்று கிடையாது. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வருகிறார்கள்; ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் படுத்தே இருக்க வேண்டும். கையில் தமனியையும் சிரையையும் இணைத்து வைத்திருக்கும் ஃபிஸ்டுலாவை விரலால் தடவிப் பார்த்து, 16 கேஜ் ஊசி இரண்டைக் குத்த வேண்டும். குத்துகிறவனின் மூச்சு நோயாளியின் தோள்மேல் படும். நடுவில் பிரஷர் இறங்கினால் ஓடிப்போய் சலைன் திறந்துவிட வேண்டும். பாட்டில் தொங்குவது தலைமாட்டு ஸ்டாண்டில். அதை எட்டிப் பிடிக்கக் கையைத் தூக்கும்போது டெக்னீஷியனின் அக்குள் நோயாளியின் மூக்குக்கு நேர் மேலே வரும். இது யாருடைய குற்றமும் இல்லை, கட்டிலும் ஸ்டாண்டும் அப்படித்தான் அமைந்திருக்கின்றன. யூரியா ஏறிய உடம்புக்கு எப்போதும் ஒரு குமட்டல் வேறு இருக்கும். குழம்பு தாளிக்கிற வாசனையே ஆகாதவர்கள் இருக்கிறார்கள்.

அந்தப் பையன் டிப்ளமோ முடித்துவிட்டு வந்தவன். பேச்சு குறைவு. ஊசி குத்துவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. சுருங்கிப்போன ஃபிஸ்டுலாவிலும் ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிடுவான். வாடை ஆரம்பித்தது ஐப்பசி மழையின்போது. வியர்வை வாடை மட்டும் என்றால் அவ்வளவு தெரிந்திருக்காது. அதோடு, ஈரம் போகாமல் மடித்து வைத்த துணியின் புளித்த வாடையும் சேர்ந்து வந்தது. ஒரு பாட்டி துண்டை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். இன்னொருவரின் மகள் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "சார், அப்பாவுக்கு வேற ஆள் போட முடியுமா?" என்று கேட்டாள். எதற்கு என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அன்றைக்கே அவனைக் கூப்பிட்டிருக்க வேண்டும். செய்யவில்லை. நோயாளியிடம் "இன்னைக்கு மோஷன் போச்சா, தண்ணியா போச்சா, கட்டியா போச்சா?" என்று பத்துப் பேர் நடுவில் கூச்சமில்லாமல் கேட்கிற வாய் இது. "மூச்சில யூரியா வாடை அடிக்குது, ஒரு டயாலிசிஸ் தவற விட்டீங்களா?" என்று நேருக்கு நேர் கேட்டிருக்கிறேன். பக்கத்தில் வேலை பார்க்கிற ஒருவனிடம் அவன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதென்றால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொண்டது. அவன் மனசு புண்படும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவன் முகம் மாறுவதைப் பார்க்கிற சங்கடம் எனக்கு வேண்டாம் என்பதுதான் காரணம்.

அதனால் சுற்றி வளைத்தேன். "பணியாளர்கள் அனைவரும் தனிமனித சுகாதாரம் பேண வேண்டும்" என்று ஒரு சுற்றறிக்கை ஒட்டினேன். அது யாருக்கு என்று அவனைத் தவிர எல்லோருக்கும் தெரிந்தது. அடுத்து ஒரு சோப்பும் பாடி ஸ்ப்ரேயும் வாங்கி, சீட்டு கீட்டு எதுவும் இல்லாமல் அவன் லாக்கரில் வைத்தேன். மறுநாள் காலையில் அவன் அந்த இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு நேரே நர்சிங் ஸ்டேஷனுக்கு வந்தான். "என் லாக்கர்ல யாரோ மாத்தி வச்சிட்டாங்க. யாரோடது இது?" என்று உயர்த்திக் காட்டினான். நாலைந்து பேர் இருந்தோம். ஒரு சிஸ்டர் சட்டென்று திரும்பி மருந்து டிராயரைத் திறந்தாள். இன்னொருத்திக்குச் சிரிப்பு அடங்காமல் இருமல் வந்தது. நான் ரிஜிஸ்டரில் ஏதோ தேடுகிற மாதிரி பக்கம் புரட்டினேன். அவன் சிறிது நேரம் நின்றான். பிறகு இரண்டையும் கவுண்டர் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனான். அந்த நேரத்தில் அவனுக்குப் புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

பட்டப்பெயரும் வந்துவிட்டது. ரத்தத்தை வடிகட்டும் டயலைசரை மறுபடி பயன்படுத்தக் கழுவுகிற ரீயூஸ் ரூமில் பெராசிட்டிக் அமிலக் கலவை வைத்திருப்போம். வினிகர் நெடி, கண்ணில் நீர் வரவைக்கும். அந்தக் கலவையின் பிராண்டு பெயரையே அவனுக்கு வைத்தார்கள்: "ரெனலின்." நான் வைக்கவில்லை. ஆனால் முதல் தடவை காதில் விழுந்தபோது சிரித்தேன். இன்சார்ஜ் சிரித்துவிட்டால் அப்புறம் அது அனுமதி மாதிரிதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "அவங்க தெருவுல எல்லாரும் இப்படித்தான்" என்று ஒருத்தர் டீ குடிக்கும்போது சொன்னார். எந்தத் தெரு, எந்தச் சாதி என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் விளங்கியது. நான் அப்படிப் பேசுகிறவன் இல்லை என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. அன்றைக்கு நான் செய்தது, டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து போனதுதான்.

பிறகுதான் ரோஸ்டரில் கை வைத்தேன். ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ் உள்ள நோயாளிகளுக்குத் தனி அறை, தனி மெஷின் வேண்டும் என்பது டயாலிசிஸ் பிரிவுகளின் அடிப்படை விதி. அந்த வைரஸ் காய்ந்த ரத்தத் துளியிலும் குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். அதனால் அந்த அறையில் நிற்கிறவர் அதே ஷிஃப்டில் மற்ற நோயாளிகளைத் தொடக்கூடாது. நல்ல விதி, உயிர் காக்கிற விதி. அந்த அறை வராந்தாவின் கடைசியில் இருக்கிறது. இரண்டு கட்டில், ஒரு ஜன்னல். வழக்கமாக ஆளாளுக்கு மாறி மாறித்தான் போடுவோம். நான் அவனை மட்டும் நிரந்தரமாகப் போட்டேன். இடைப்பட்ட நேரத்துக்கு ரீயூஸ் ரூம். ஏ.சி. கிடையாது, பிளாஸ்டிக் ஏப்ரன், முகக் கவசம், இரட்டைக் கையுறை. வாடை அடிக்கிறது என்பதற்காக ஒருவனைக் கொண்டுபோய் வியர்வை கொட்டுகிற இடத்தில் நிறுத்தினேன். அவனிடம் சொன்ன காரணம், "அங்க இருக்கிறவங்களுக்கு வெயின் ரொம்ப மோசம். உன் கைதான் சரிப்படும்." புகழ்ச்சியாகச் சொன்னதால் அவனால் மறுக்க முடியவில்லை. "சரிங்கண்ணே" என்றான்.

மெயின் ஹாலில் புகார் நின்றது. பாட்டி துண்டை மடித்து வைத்தார். நான் ஒரு பிரச்சினையைச் சாமர்த்தியமாகத் தீர்த்துவிட்டதாக மேனேஜரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தொற்றுத் தடுப்பு வகுப்பு எடுக்க வேண்டி வந்தது. வழக்கம்போல செம்மெல்வெய்ஸ் கதையைச் சொன்னேன். 1847-ல் வியன்னா பொது மருத்துவமனையில், பிணவறையிலிருந்து நேரே பிரசவ வார்டுக்கு வந்த டாக்டர்களைக் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வைத்தவர் அவர். ஏப்ரலில் 18 விழுக்காட்டுக்கு மேல் இருந்த தாய்மார் இறப்பு, ஜூனில் 2 விழுக்காட்டை ஒட்டி வந்துவிட்டது. கிருமிதான் நோயைப் பரப்புகிறது என்பது அப்போது நிரூபணமாகியிருக்கவில்லை. குளோரினை அவர் தேர்ந்தெடுத்ததே, கையில் ஒட்டியிருந்த பிண வாடையை அது போக்கியது என்பதால்தான். இதை நான் அழுத்திச் சொன்னேன்: "பார்த்தீங்களா, வாடை இருந்தா ஆபத்து இருக்குன்னு அர்த்தம்." யாரை மனதில் வைத்துச் சொன்னேன் என்பதை விளக்க வேண்டியதில்லை.

வகுப்பு முடிந்ததும் தொற்றுத் தடுப்பு சிஸ்டர் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டார். வயதில் என்னைவிட மூத்தவர், எதையும் மென்று விழுங்கமாட்டார். "செம்மெல்வெய்ஸ் வாடைய அக்குள்ல பார்க்கல சார், கையில பார்த்தாரு," என்றார். அந்த மாதம் அவர் எங்கள் பிரிவில் கை சுத்தம் கவனித்துக் குறித்திருந்தார். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற ஐந்து தருணங்கள் உண்டு: நோயாளியைத் தொடும் முன், சுத்தமான சிகிச்சை வேலைக்கு முன், ரத்தம் கித்தம் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருளைத் தொட்ட பின். சோப்புத் தண்ணீர் என்றால் 40 முதல் 60 வினாடி, ஹேண்ட் ரப் என்றால் 20 முதல் 30. "யாரும் பார்க்கலன்னாலும் இந்த அஞ்சையும் விடாம செய்யறது உங்க யூனிட்ல ஒரே ஒரு ஆள்தான். பாசிட்டிவ் ரூம்ல நிக்கறானே, அவன்." பிறகு என் வலது மணிக்கட்டைப் பார்த்தார்.

அதில் கோயில் கயிறு கட்டியிருந்தேன். கட்டும்போது சிவப்பு. தண்ணீரும் எண்ணெயும் பட்டுப் பட்டுக் கறுத்து, நுனி பிரிந்து, பிசுபிசுவென்று இருந்தது. முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக்கூடாது என்று இங்கிலாந்தில் 2007-லேயே மருத்துவமனைகளுக்கு விதி கொண்டுவந்தார்கள். பல தொற்றுத் தடுப்புக் கையேடுகளிலும் அது இருக்கிறது. எனக்குத் தெரியும், சொல்லியும் கொடுத்திருக்கிறேன். அந்தக் கையோடுதான் ஊசி குத்திக்கொண்டிருந்தேன். கயிற்றில் வாடை இல்லை, அதனால் யாரும் துண்டை மூக்கில் வைக்கவில்லை. மோதிரம் போட்டுக்கொண்டு, கமகமவென்று சென்ட் அடித்துக்கொண்டு, ஒரு நோயாளியிடமிருந்து இன்னொரு நோயாளிக்குக் கை கழுவாமல் போகிற பெரிய டாக்டரிடமும் நாங்கள் யாரும் எதுவும் சொன்னதில்லை. டயாலிசிஸ் பிரிவில் ஹெபடைட்டிஸ் சி ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போவது கழுவாத கையாலும், மாற்றாத கையுறையாலும், பலருக்கும் பொதுவாக வைத்த ஹெப்பாரின் குப்பியாலும்தான். அக்குளிலிருந்து போனதாக நான் எங்கும் படித்ததில்லை.

அதற்காக வாடையைக் கண்டுகொள்ளக் கூடாது என்று சொல்ல வரவில்லை. குமட்டலில் கிடக்கிறவருக்கு அது வேதனைதான். அந்தப் பாட்டி பொய் சொல்லவில்லை. அது அவருக்குச் செய்ய வேண்டிய மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம். நான் அதைத் தொற்று சம்பந்தப்பட்ட விஷயமாக வேஷம் போட்டேன். அப்படிப் போட்டால் பேச வேண்டியதில்லை, ரோஸ்டர் போட்டால் போதும்.

பேசியது வேறொருவர். பாசிட்டிவ் ரூமில் படுக்கிற ஒரு ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். அன்று நான் வராந்தாவில் நின்று, தண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெஷினின் ரீடிங்கை எழுதிக்கொண்டிருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது.

"தம்பி, தப்பா எடுத்துக்காதய்யா. நீ கையத் தூக்கும்போது வாடை வருது. ரூம்ல தண்ணிக் கஷ்டமா?"

இவ்வளவுதான். நான் மாதக்கணக்கில் சுற்றி வளைத்ததை அவர் ஊசி குத்திய கையை நீட்டியபடி, மதியம் என்ன சாப்பாடு என்று கேட்கிற குரலில் கேட்டுவிட்டார். அதில் "குளிக்க மாட்டியா?" என்ற கேள்வியே இல்லை என்பதை அப்போதே கவனித்தேன்.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கொட்டிவிட்டான். லேத் பட்டறைக்கு மேலே ஒரே ரூமில் ஆறு பேர். முனிசிபல் தண்ணீர் எட்டு நாளைக்கோ பத்து நாளைக்கோ ஒரு தடவை. நடுவில் லாரித் தண்ணீர் வாங்கித் தொட்டியை நிரப்புகிறார்கள். கடைசி நாட்களில் ஆளுக்கு ஒரு வாளிதான். இவன் நைட் முடித்துப் போகும்போது அந்த ஒரு வாளியும் இருக்காது. யூனிஃபார்ம் இரண்டே செட், மூன்றாவது வேண்டும் என்றால் சம்பளத்தில் பிடிப்பார்கள். பாலியஸ்டர் கலந்த துணி. மழை மாதத்தில் ஒன்று காய்வதற்குள் இன்னொன்று நனைந்திருக்கும். "ஆஸ்பத்திரியிலேயே குளிச்சிட்டுப் போலாம்னா, ஸ்டாஃப் பாத்ரூம் எப்பவும் பூட்டியே கெடக்குய்யா. கேட்டா கேன் வச்சிருக்குன்னாங்க."

ஆமாம், வைத்திருந்தது நான்தான். டயாலிசிஸ் கரைசலுக்கான பார்ட் ஏ, பார்ட் பி கேன்களை அடுக்க இடமில்லை என்று பாத்ரூமை ஸ்டோராக மாற்றியிருந்தேன். சாவி என் கொத்தில் தொங்கியது. நான் எழுதிக்கொண்டிருந்த ரீடிங் என்ன தெரியுமா? நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் நாலு மணி நேரம் ஓடினால், ஒரு நோயாளிக்கு ஒரு தடவைக்கு 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். அதைச் சுத்திகரிக்கும்போது கழிந்து போகிற தண்ணீர் தனிக் குழாயில் சாக்கடைக்குப் போகும். அந்தக் குழாய் பூட்டிய பாத்ரூமின் சுவர் ஓரமாகத்தான் இறங்குகிறது. ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் என்று லிட்டர் பிசகாமல் எனக்குத் தெரியும். ஒருவன் குளிக்க ஒரு வாளி இல்லாமல் இருந்தது தெரியாது.

பிறகு வீட்டில் உட்கார்ந்து, முன்னாலேயே படித்திருக்க வேண்டியதைப் படித்தேன். வியர்வைக்கென்று வாடை கிடையாது. அக்குளில் இருக்கிற பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் வாடை பிறக்கிறது. பருத்தியைவிட பாலியஸ்டரில் அது அதிகம் தங்கும். துவைத்த பிறகும் ஈரத் துணியில் வருகிற புளிப்பு வாடைக்கு மொராக்ஸெல்லா என்ற பாக்டீரியா காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-ல் காட்டியிருக்கிறார்கள். அதாவது அவன் துவைத்துத்தான் போட்டிருக்கிறான், துணி காயவில்லை. இதற்குப் பதிலாக அது ஒரு நோயாகவும் இருந்திருக்கலாம். மீன் வாடை அடிக்கிற பரம்பரைக் கோளாறு உண்டு, அக்குளில் கட்டி கட்டியாக வந்து சீழ் வடிகிற தோல் நோய் உண்டு. மருத்துவமனையில் வேலை பார்க்கிற எங்களில் ஒருவருக்கும், ஒரு மனிதனின் உடம்பில் திடீரென்று வாடை வந்தால் காரணம் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை.

அடுத்த தடவை கண்டக்டர் வந்தபோது, மெஷின் போட்டுவிட்டுப் போகிற சாக்கில் அவர் பக்கத்தில் நின்றேன். அவரே ஆரம்பித்தார். "அந்தப் பையன இங்கயே போட்டது எதுக்குன்னு எங்களுக்குத் தெரியும் சார். பெரிய ஹால்ல இருக்கவங்களுக்கு வாடை ஆகாது, சரி. எங்களுக்கு மட்டும் மூக்கு இல்லையா?" கோபமாகச் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் "அப்படியெல்லாம் இல்லைய்யா" என்று ஏதோ முனகினேன். அவர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

கேன்களை எடுத்து பாத்ரூமைத் திறந்துவிட்டேன். அரை நாள் வேலை, இரண்டு அட்டெண்டர்கள். ரோஸ்டரைப் பழையபடி சுழற்சிக்குக் கொண்டுவந்தேன். கயிற்றை அறுத்தேன், வீட்டில் அதற்கு ஒரு சண்டை. ஆனால் பையனிடம் போய், "நான் செய்தது தப்பு" என்று சொல்லவில்லை. பாத்ரூம் திறந்திருக்கிறது என்று பொதுவாக எல்லோருக்கும் அறிவித்தேன். மறுபடியும் ஒரு சுற்றறிக்கை. அவன் சில மாதங்களில் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். போகிற அன்று எல்லோருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்தான். எனக்கும் கொடுத்தான். வாங்கிச் சாப்பிட்டேன்.

இப்போது வேறொரு பையனிடம் அதே பேச்சைப் பேச வேண்டி வந்தது. கை கழுவும் தொட்டிப் பக்கம் யாரும் இல்லாத நேரத்தில் கூப்பிட்டு, கண்டக்டர் கேட்ட மாதிரியே கேட்டுப் பார்த்தேன். எனக்கு அவர் குரல் வரவில்லை. வார்த்தை தடுமாறி, தேவையில்லாமல் இரண்டு தடவை "தப்பா நினைக்காத" என்றேன். அவன் முகம் சிவந்துவிட்டது. சில நாள் "குட் மார்னிங்"கூட சொல்லவில்லை. பிறகு ரூம் மோட்டார் எரிந்துபோன கதையை அவனே வந்து சொன்னான்.

பழைய பையனின் வருடாந்திர மதிப்பீட்டுப் படிவம் இன்னும் ஃபைலில் இருக்கிறது. "தனிமனித சுகாதாரம்" என்ற கட்டத்தில் ஐந்துக்கு இரண்டு போட்டிருக்கிறேன். கீழே என் கையெழுத்து, அதன் பக்கத்தில் எதுவும் கேட்காமல் அவன் போட்ட கையெழுத்து. எச்.ஆரில் விசாரித்தேன். மாற்றலாமாம்; என்ன நடந்தது என்று காரணத்தோடு ஒரு கடிதம் கொடுத்து, மெடிக்கல் டைரக்டரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். என் பேரைப் போட்டு எழுத வேண்டிய அந்தக் கடிதத்தை எழுதாமல், ஊர் பேர் இல்லாத இதைத்தான் எழுதி முடித்திருக்கிறேன்.